நேத்தன் ஸ்ட்ராஸ்: வணிகம், அரசியல், குழந்தைகளின் பால்

நேத்தன் ஸ்ட்ராஸ் (1848–1931) ஜெர்மனியில் பிறந்து, ஆறு வயதில் அமெரிக்காவில் குடியேறி, நியூயார்க்கின் பெருவணிகர்களுள் ஒருவராக உயர்ந்தவர். மேசிஸ் பேரங்காடியின் உரிமையாளர்களுள் ஒருவராகவும், நியூயார்க் நகரத்தின் பூங்கா ஆணையராகவும், சுகாதார வாரியத் தலைவராகவும் இருந்தார். பதப்படுத்திய பாலை ஏழைக் குழந்தைகளுக்கு எட்டச் செய்த இயக்கமே அவர் பெயரை இன்றும் நிலைநிறுத்துகிறது. கொள்முதல், கிடங்கு, விலை, விநியோகம், கணக்கு என்று கடையில் கற்ற ஒவ்வொன்றையும் அவர் பொதுச் சுகாதாரத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய ஈகை மற்றச் செல்வர்களின் கொடைகளிலிருந்து வேறுபட்டு நிற்பதற்கு இதுவே காரணம்.

புலம்பெயர்ந்த குடும்பம்

ஸ்ட்ராஸ் குடும்பம் ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியில் உள்ள ஓட்டர்பெர்க் என்ற சிற்றூரைச் சேர்ந்தது. நேத்தன் பிறந்த காலத்தில் அப்பகுதி பவேரிய அரசின் கீழ் இருந்தது. தந்தை லாசரஸ் ஸ்ட்ராஸ் தானிய வணிகத்தில் ஈடுபட்ட யூதர். 1848-இல் ஐரோப்பாவெங்கும் எழுந்த மக்களாட்சிக் கிளர்ச்சிகளுக்கு அவர் ஆதரவாக இருந்தார். கிளர்ச்சிகள் ஒடுக்கப்பட்டபின் அவருக்கு ஊரில் எதிர்காலம் இருளத் தொடங்கியது. 1852-இல் அவர் மட்டும் கப்பலேறி அமெரிக்கா சென்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854-இல், மனைவி சாராவும் நான்கு குழந்தைகளும் அவரோடு சேர்ந்தனர். அந்தப் பிள்ளைகளுள் இசிடோர் (பிறப்பு 1845), நேத்தன், ஆஸ்கர் (பிறப்பு 1850) ஆகிய மூவரும் பின்னாளில் அமெரிக்கப் பொதுவாழ்வில் இடம்பிடித்தனர்.

லாசரஸ் தென் மாநிலமான ஜார்ஜியாவில் குதிரை வண்டியில் சரக்கேற்றி, பண்ணை பண்ணையாகச் சென்று விற்கும் நடைவியாபாரியாகத் தொழிலைத் தொடங்கினார். பிறகு டால்பட்டன் என்ற சிற்றூரில் கடை வைத்தார். அவ்வூரில் இருந்த ஒரே யூதக் குடும்பம் அவர்களுடையதுதான். ஊரார் அவர்களை மதிப்போடு நடத்தினர். ஆனால் அந்த மதிப்பு நிலவிய சமூகம் அடிமை முறையின்மேல் நின்றது. ஸ்ட்ராஸ் குடும்பமும் தன் வீட்டு வேலைக்கு அடிமைகளை அமர்த்தியிருந்தது. ஐரோப்பாவில் உரிமை கேட்டுப் போராடியவர்கள் புதிய நாட்டில் பிறரின் உரிமையின்மையால் பயன் பெற்றார்கள் என்ற முரண் இக்குடும்ப வரலாற்றின் ஒரு பகுதி.

1861-இல் மூண்ட உள்நாட்டுப் போர் அந்த வாழ்க்கையைக் குலைத்தது. பொருள்கள் கிடைக்காமல் விலை ஏறியபோது, டால்பட்டன் பகுதியின் பெருநடுவர் குழு யூத வணிகர்களைப் பதுக்கல்காரர்கள் என்று கண்டித்து அறிக்கை வெளியிட்டது. தன்னைக் குறித்ததாகவே அதை எடுத்துக்கொண்ட லாசரஸ் ஊரை விட்டு வெளியேற முடிவு செய்தார். நடுவர் குழுவினரே வந்து சமாதானம் சொல்லியும் அவர் மனம் மாறவில்லை. குடும்பம் அருகிலிருந்த கொலம்பஸ் நகருக்குப் பெயர்ந்தது. போரின் இறுதியில், 1865 ஏப்ரலில், வடக்குப் படைகள் கொலம்பஸைத் தாக்கியபோது நகரின் வணிகப் பகுதி பெரும் சேதமடைந்தது. அதன்பின் குடும்பம் நியூயார்க்குக்குச் சென்றது.

அங்கே லாசரஸ் எடுத்த முதல் முடிவு அவருடைய பிள்ளைகளின் வணிக வாழ்வுக்கு அடித்தளமிட்டது. போருக்கு முன் வடக்கு வணிகர்களிடம் கடனாக வாங்கிய சரக்குக்கான தொகை நிலுவையில் இருந்தது. தென் மாநில வணிகர்கள் பலர் அத்தகைய கடன்களைப் போரின் பெயரால் கைவிட்ட வேளையில், லாசரஸ் முழுத் தொகையையும் அடைத்தார். அதனால் கிடைத்த நம்பகமே புதிய தொழிலுக்கு முதலாயிற்று.

பீங்கான் கடையிலிருந்து பேரங்காடிக்கு

1866-இல் லாசரஸும் மகன்களும் எல். ஸ்ட்ராஸ் அண்ட் சன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிப் பீங்கான், கண்ணாடிப் பொருள்களை இறக்குமதி செய்து விற்றனர். நேத்தன் வணிகக் கல்லூரி ஒன்றில் கணக்கியல் பயின்றுவிட்டு நிறுவனத்தின் விற்பனையாளராக ஊர் ஊராகப் பயணம் செய்தார். கணக்கில் தேர்ச்சி இசிடோருக்கும், மனிதர்களோடு பழகிச் சரக்கை நகர்த்தும் திறமை நேத்தனுக்கும் இயல்பாக அமைந்திருந்தன. சகோதரர்களின் தொழில் பங்கீடு இறுதிவரை இந்த வகையிலேயே இருந்தது.

1874-இல் நியூயார்க்கின் 14-ஆம் தெருவில் இருந்த ஆர்.எச். மேசி அண்ட் கம்பெனியின் அடித்தளத்தை வாடகைக்கு எடுத்து, அங்கே பீங்கான் பிரிவு ஒன்றை அவர்கள் தொடங்கினர். ஒரே கூரையின்கீழ் பல வகைப் பொருள்கள், நிலையான விலை, ரொக்க விற்பனை என்பது மேசிஸ் கடையின் முறை. கடன் கொடுக்காததால் வாராக்கடன் இல்லை. அதனால் விலையைக் குறைவாக வைக்க முடிந்தது. ஸ்ட்ராஸ் சகோதரர்களின் பீங்கான் பிரிவு சில ஆண்டுகளிலேயே அங்காடியின் லாபகரமான பிரிவுகளுள் ஒன்றாயிற்று. நிறுவனர் ரோலண்ட் மேசி 1877-இல் இறந்தார். 1888-இல் இசிடோரும் நேத்தனும் நிறுவனத்தின் பங்காளிகளாயினர். 1896-இல் முழு உரிமையும் அவர்கள் கைக்கு வந்தது. இதற்கிடையே 1893-இல் புரூக்ளினில் ஆபிரகாம் அண்ட் ஸ்ட்ராஸ் என்ற பேரங்காடியிலும் பங்கு பெற்றனர். 1902-இல் மேசிஸ் 34-ஆம் தெருவில் ஹெரால்டு சதுக்கத்தில் கட்டிய புதிய கட்டடத்துக்கு மாறியது. அந்த இடத்தில் அது இன்றும் இயங்குகிறது.

நேத்தன் நடத்திய வணிகத்தில் மூன்று கொள்கைகள் தெளிவாகத் தெரிகின்றன. மொத்தமாக வாங்கி, விலையைக் குறைத்து, அதிக அளவில் விற்பது முதலாவது. வாங்குபவர் வரும் வழியிலேயே சரக்கு இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. பொருளின் தரத்துக்கு விற்பவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது மூன்றாவது. ஊழியர்களுக்காக மலிவு விலை உணவுக்கூடமும் மருத்துவ உதவியும் ஓய்வறையும் ஏற்படுத்தியதிலும் அவர் பங்கு பெரிது. சம்பளத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினியாக வேலைக்கு வரும் பெண்கள் கடையிலேயே மயங்கி விழுவதைக் கண்டது அதற்குக் காரணம் என்று கூறப்படுகிறது.

அரசியலில் நேத்தன்

ஸ்ட்ராஸ் குடும்பத்தினர் ஜனநாயகக் கட்சியில், குறிப்பாக அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த குரோவர் கிளீவ்லாந்தின் ஆதரவாளர்களாக, ஈடுபாடு கொண்டிருந்தனர். இசிடோர் 1894 முதல் 1895 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் உறுப்பினராக இருந்தார். ஆஸ்கர் 1887-இல் உஸ்மானியப் பேரரசுக்கு அமெரிக்கத் தூதராகச் சென்றார். 1906-இல் தியடோர் ரூஸ்வெல்ட்டின் அமைச்சரவையில் வணிகம், தொழிலாளர் துறைச் செயலராகப் பொறுப்பேற்று, அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் யூதர் ஆனார். குடியேற்றத்தைக் கவனிப்பதும் அத்துறையின் பணிகளுள் ஒன்று. குடியேறி வந்த குடும்பத்தின் பிள்ளை அந்தப் பொறுப்பை வகித்தார்.

நேத்தன் நகர அரசியலோடு நின்றார். 1889 முதல் 1893 வரை நியூயார்க்கின் பூங்கா ஆணையராக இருந்தார். 1894-இல், நகரின் ஜனநாயகக் கட்சி அமைப்பான டம்மனி ஹால், மேயர் தேர்தலுக்கு அவரை வேட்பாளராக அறிவித்தது. அந்த ஆண்டில்தான் லெக்ஸோ குழு என்ற மாநிலச் செனட் விசாரணைக் குழு காவல்துறையின் ஊழலையும் அதில் டம்மனி ஹாலுக்கு இருந்த தொடர்பையும் அம்பலப்படுத்திக்கொண்டிருந்தது. நேத்தனின் நண்பர்களும் கிளீவ்லாந்து அணியினரும் அந்த அமைப்பின் வேட்பாளராக அவர் நிற்பதை எதிர்த்தனர். சில நாள்களில் அவர் விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாக நின்ற ஹியூ கிராண்ட் தோற்று, சீர்திருத்த அணியின் வில்லியம் ஸ்ட்ராங் வெற்றி பெற்றார். 1898-இல் நேத்தன் நகரச் சுகாதார வாரியத்தின் தலைவராகச் சிறிது காலம் பணியாற்றினார்.

பதவிப் பட்டியலாகப் பார்த்தால் இது நீண்ட அரசியல் வாழ்வன்று. ஆனால் பூங்கா ஆணையராக இருந்தபோது நகர நிர்வாகத்தின் உள்வழிகள் அவருக்குப் பழகின. பின்னர் பூங்காக்களில் பால் விற்பனைக் குடில்கள் அமைக்கவும், நகரத்தின் குழந்தைக் காப்பகத்தில் தம் முறையைச் சோதித்துக் காட்டவும் அந்தப் பழக்கம் உதவியது. தேர்தலில் நின்று பெறக்கூடிய அதிகாரத்தைவிட, ஒரு சட்டத்தை இயற்றுமாறு நகர மன்றங்களையும் மருத்துவர்களையும் இருபது ஆண்டுகள் விடாமல் வற்புறுத்தியதே அவருடைய உண்மையான அரசியல் பணி.

நெருக்கடிக் காலத்து உதவி

1893-இல் அமெரிக்காவைத் தாக்கிய நிதி நெருக்கடியில் வங்கிகளும் ரயில்வே நிறுவனங்களும் வீழ்ந்தன. நியூயார்க்கில் பல்லாயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அந்தக் குளிர்காலத்தில் நேத்தன் நகரின் பல இடங்களில் கிடங்குகள் அமைத்து நிலக்கரி, ரொட்டி, மாவு, தேயிலை போன்றவற்றை மிகக் குறைந்த விலைக்கு வழங்கினார். ஏழைகள் நிலக்கரியைச் சிறு சிறு வாளிகளாகச் சில்லறைக் கடையில் வாங்கும்போது, செல்வர்கள் டன் கணக்கில் வாங்கும் விலையைவிடப் பல மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மொத்த விலைக்கே வாளிக்கரி கிடைக்கச் செய்ததன் மூலம் அந்தச் சுரண்டலை அவர் உடைத்தார். வீடற்றவர்களுக்கு 5 சென்ட்டுக்குப் படுக்கையும் காலை உணவும் தரும் விடுதிகளும் நடத்தப்பட்டன.

இவற்றில் பெரும்பாலானவை இலவசமாக வழங்கப்படவில்லை. சிறு தொகையானாலும் காசு கொடுத்து வாங்குபவர் தலைநிமிர்ந்து நிற்க முடியும் என்று அவர் கருதினார். அதுவும் இயலாதவர்களுக்கு மருத்துவர்கள், தொண்டு நிறுவனங்கள் வழியாக இலவசச் சீட்டுகள் கிடைத்தன. சீட்டு வைத்திருப்பவரும் காசு தருபவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே பொருளை வாங்கினர். இந்த ஏற்பாடுதான் பால் நிலையங்களிலும் தொடர்ந்தது.

பாலில் இருந்த சாவு

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புகளில் கோடைக்காலம் குழந்தைகள் கூட்டமாகச் சாகும் காலமாக இருந்தது. வயிற்றுப்போக்கே முதன்மைக் காரணம். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளே அதில் அதிகம் இறந்தனர். வேலைக்குச் செல்லும் தாய்மார்களும், போதிய உணவின்றிப் பால் வற்றியவர்களும் கடைப்பாலை நம்பியிருந்தனர்.

அந்தப் பால் நகரை வந்தடையும்முன் பல கைகளைக் கடந்தது. தொலைவிலுள்ள பண்ணைகளில் சுகாதாரமற்ற தொழுவங்களில் கறந்த பால் போதிய பனிக்கட்டி இன்றி ரயிலில் வந்தது. கடைகளில் திறந்த பாத்திரங்களில் வைத்து, முகந்து ஊற்றி விற்கப்பட்டது. தண்ணீர் கலப்பதும், நிறத்துக்காகச் சுண்ணப் பொடி சேர்ப்பதும் வழக்கமாக இருந்தன. நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாராய ஆலைகளின் கழிவைத் தின்று நோயுற்ற மாடுகளின் பால் நகரில் விற்கப்பட்டதை 1858-இல் ஃபிராங்க் லெஸ்லி தம் வார இதழில் படங்களோடு அம்பலப்படுத்தினார். ஆனால் அந்த அதிர்ச்சி அடங்கியபின்னும் பாலின் தரம் பெரிதாக மாறிவிடவில்லை. வயிற்றுப்போக்கு மட்டுமல்லாமல் டைபாய்டு, தொண்டை அடைப்பான், காசநோய் ஆகியவையும் பால் வழியாகப் பரவின.

அறிவியல் இதற்கு ஒரு விடையைத் தயாராக வைத்திருந்தது. 1860-களில் லூயி பாஸ்டர் வைன் கெடாமல் இருக்க அதை மிதமாகச் சூடாக்கும் முறையைக் கண்டறிந்தார். 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை இனங்கண்டார். 1886-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரான்ஸ் ஃபோன் சாக்ஸ்லெட், குழந்தைகளுக்கான பாலைப் புட்டியிலேயே சூடாக்கிக் கிருமி நீக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். பாலைக் கொதிநிலைக்குக் கீழே குறிப்பிட்ட வெப்பத்தில் குறிப்பிட்ட நேரம் வைத்து, உடனே குளிர்விப்பதுதான் பாஸ்டர் முறையின் சாரம். இதனால் நோய்க்கிருமிகள் அழிகின்றன. பாலின் சுவையும் சத்தும் பெருமளவு காக்கப்படுகின்றன. சுமார் 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் என்ற அளவு பின்னாளில் நிலைபெற்றது.

நியூயார்க்கில் இந்தக் கருத்துக்கு வலுச்சேர்த்தவர் ஆபிரகாம் ஜாகோபி. இவரும் ஜெர்மனியில் 1848 கிளர்ச்சியில் பங்கேற்றுச் சிறை சென்று, பின் அமெரிக்காவுக்கு வந்த யூதர். அமெரிக்கக் குழந்தை மருத்துவத்தின் முன்னோடி. குழந்தைகளுக்குச் சூடாக்கிய பாலையே கொடுக்க வேண்டும் என்று அவர் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்தார். அவருடைய ஆலோசனை நேத்தனுக்கு வழிகாட்டியது. நேத்தனும் அவர் மனைவி லினா குத்தர்ஸும் தங்கள் குழந்தைகள் இருவரை இளவயதிலேயே இழந்திருந்தனர். அவர்கள் வீட்டுக்குப் பால் தந்துகொண்டிருந்த பசு ஒன்று இறந்தபோது, அதன் நுரையீரல் காசநோயால் அரிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. இந்த அனுபவங்கள் பால் பற்றிய கேள்வியை அவர்களுக்கு வீட்டுக் கேள்வியாகவும் ஆக்கின.

பால் நிலையங்கள்

நேத்தன் 1892-இல் பாலைப் பதப்படுத்தும் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். 1893 கோடையில், கிழக்கு 3-ஆம் தெருவின் ஆற்றுத்துறையில் முதல் பால் நிலையம் திறக்கப்பட்டது. புழுக்கமான குடியிருப்புகளிலிருந்து தாய்மார்கள் குழந்தைகளோடு காற்று வாங்க வந்து கூடும் இடம் அது. வாங்குபவர் இருக்குமிடத்தில் கடை வைக்க வேண்டும் என்ற வணிகர் அறிவு இங்கே முதன்முதலாகப் பயன்பட்டது.

பால் சோதிக்கப்பட்ட பண்ணைகளிலிருந்து வாங்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் மருத்துவர்கள் வகுத்த அளவுகளின்படி, குழந்தையின் வயதுக்கேற்ப நீரும் பார்லிக் கஞ்சியும் சர்க்கரையும் கலந்த பால் தயாரிக்கப்பட்டது. ஒரு வேளைக்கு ஒரு புட்டி என்ற அளவில் சிறு புட்டிகளில் அடைக்கப்பட்டு, அடைத்த நிலையிலேயே சூடாக்கப்பட்டது. புட்டியைத் திறந்து ரப்பர் முனையைப் பொருத்திக் கொடுத்தால் போதும். பனிக்கட்டிப் பெட்டி இல்லாத, தூய்மையான பாத்திரத்துக்கும் வழியில்லாத ஒற்றை அறை வீடுகளில் பால் மீண்டும் கெடும் வாய்ப்பை இந்த ஒற்றை வேளைப் புட்டி வெகுவாகக் குறைத்தது. முறையின் மிகக் கூர்மையான பகுதி இதுதான். ஆய்வகத்தில் தூய்மையாக்குவது பாதி வேலை. குழந்தையின் வாயை அடையும்வரை அந்தத் தூய்மையைக் காப்பது மீதி வேலை என்பதை அது உணர்ந்திருந்தது.

நிலையங்களில் மருத்துவர்கள் குழந்தைகளை இலவசமாகப் பரிசோதித்துத் தாய்மார்களுக்கு ஆலோசனை கூறினர். பூங்காக்களில் அமைந்த குடில்களில் ஒரு கோப்பைப் பதப்படுத்திய பால் ஒரு சென்ட்டுக்கு விற்கப்பட்டது. முதல் ஆண்டில் சுமார் 34,000 புட்டிகள் வழங்கப்பட்டன; அடுத்த ஆண்டே அந்த எண்ணிக்கை 3 லட்சத்தைத் தாண்டியது. 1906 வாக்கில் நியூயார்க்கில் மட்டும் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட புட்டிகள் விநியோகமாயின. அமெரிக்காவின் பிற நகரங்களுக்கும், ஜெர்மனி, அயர்லாந்து உள்ளிட்ட நாடுகளுக்கும் அவர் செலவில் கருவிகள் அனுப்பப்பட்டன. டப்ளினில் அபர்டீன் சீமாட்டி தலைமையிலான மகளிர் சுகாதாரச் சங்கம் அவர் தந்த கருவியைக் கொண்டு பால் நிலையம் நடத்தியது.

ரேண்டல்ஸ் தீவுச் சோதனை

விற்பனை எண்ணிக்கை மட்டும் ஒரு முறையின் பயனை மெய்ப்பிக்காது. இதை அறிந்த நேத்தன் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க ஒரு சான்றைத் தேடினார். நகர நிர்வாகத்தின்கீழ் ரேண்டல்ஸ் தீவில் அநாதைக் குழந்தைகளுக்கான காப்பகம் ஒன்று இருந்தது. அங்கே குழந்தைகளுக்குத் தீவிலேயே வளர்க்கப்பட்ட மாடுகளின் பால் புகட்டப்பட்டது. மாடுகள் நன்கு பராமரிக்கப்பட்டும், 1897-இல் அங்கிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இறந்தனர்.

1898-இல் நேத்தன் அங்கே ஒரு பதப்படுத்தும் கருவியை நிறுவினார். அதே மாடுகளின் பாலே தொடர்ந்து புகட்டப்பட்டது. உணவிலோ பராமரிப்பிலோ குறிப்பிடத்தக்க வேறு மாற்றம் செய்யப்படவில்லை. அந்த ஆண்டு இறப்பு விகிதம் ஏறத்தாழ 20 விழுக்காடாகக் குறைந்தது. இன்றைய ஆய்வு முறைகளின் கண்டிப்போடு செய்யப்பட்ட சோதனையாக இதைக் கொள்ள முடியாது. ஆனாலும் மருத்துவர்களிடமும் நகர மன்றங்களிடமும் வாதாட நேத்தனுக்குக் கிடைத்த மிக வலிமையான சான்று இதுவே.

எதிர்ப்பும் சட்டமும்

பதப்படுத்திய பாலை எதிர்த்தவர்கள் எல்லோரும் சுயநலக்காரர்கள் அல்லர். பால் வணிகர்கள் செலவைக் கருதி எதிர்த்தனர். மருத்துவர்கள் பலர் கொள்கை அடிப்படையில் எதிர்த்தனர். சூடாக்கினால் பாலின் சத்து குறையும், குழந்தைகளுக்கு ஸ்கர்வி வரும் என்று அவர்கள் அஞ்சினர். வைட்டமின் சி வெப்பத்தால் குறைவதால் இந்த அச்சத்தில் ஓரளவு உண்மை இருந்தது. பழச்சாறு சேர்த்தால் அக்குறையைத் தீர்க்கலாம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அழுக்கான பாலைச் சூடாக்கி விற்பது பண்ணையாளர்களின் அலட்சியத்துக்குத் திரை போடும் என்பது மற்றொரு வாதம்.

எதிர்த்த மருத்துவர்களின் மாற்றுத் திட்டம் சான்றளிக்கப்பட்ட பால். நியூவர்க் நகர மருத்துவர் ஹென்றி காய்ட் 1893-இல் தொடங்கிய இம்முறையில், மருத்துவர் குழுவின் மேற்பார்வையில் இயங்கும் பண்ணைகள் தூய பச்சைப் பாலை விற்றன. பால் தரமாகவே இருந்தது. ஆனால் அதன் விலை சாதாரணப் பாலைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. கிடைத்த அளவும் மிகக் குறைவு. எந்தக் குழந்தைகள் அதிகம் இறந்தார்களோ, அந்தக் குழந்தைகளின் வீடுகளுக்கு அது எட்டவில்லை. நேத்தனின் வாதம் இங்கேதான் வலுவடைந்தது. எல்லாப் பண்ணைகளும் தூய்மையாகும்வரை குழந்தைகள் காத்திருக்க முடியாது என்றும், கிடைக்கும் பாலை இன்றே பாதுகாப்பானதாக்கும் வழி ஒன்றே இருக்கிறது என்றும் அவர் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார்.

அறிவியல் உலகிலும் குழப்பம் இருந்தது. 1901-இல் லண்டனில் நடந்த காசநோய் மாநாட்டில், மாட்டுக் காசநோய் மனிதருக்குப் பெரிதாகப் பரவுவதில்லை என்று ராபர்ட் கோக் அறிவித்தார். அவர் புகழ் காரணமாக அக்கருத்து பால் சட்டங்களின் எதிர்ப்பாளர்களுக்குக் கேடயமானது. பிரிட்டிஷ் அரசு ஆணையம் ஒன்று பல ஆண்டுகள் ஆராய்ந்து அதைத் தவறென்று நிறுவியது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1908-இல் வெளியிட்ட பால் பற்றிய விரிவான அறிக்கை, மில்டன் ரோஸனாவ் போன்ற அறிஞர்களின் ஆய்வுகளோடு, பாஸ்டர் முறைக்கு ஆதரவாக நின்றது. அதே 1908-இல் சிகாகோ, பாலைப் பதப்படுத்துவதைக் கட்டாயமாக்கிய முதல் பெரிய அமெரிக்க நகரமாயிற்று. காசநோய் இல்லையெனச் சோதிக்கப்பட்ட மாடுகளின் பாலுக்கு மட்டும் அச்சட்டம் விலக்களித்தது. நியூயார்க் 1910-களின் முதல் பாதியில் படிப்படியாக அந்த விதியைக் கொண்டுவந்தது. 1914-க்குள் நகரின் பாலில் பெரும்பகுதி பதப்படுத்தப்பட்டதாகிவிட்டது.

லினா ஸ்ட்ராஸ் 1913-இல் இந்த இயக்கத்தின் உரைகள், கடிதங்கள், புள்ளிவிவரங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். தொடக்கம் முதலே பணியில் இணைந்து நின்றவர் அவர். அந்த ஆவணப்படுத்தலால்தான் இயக்கத்தின் வளர்ச்சியை ஆண்டு வாரியாக அறிய முடிகிறது. 1920 வாக்கில் நேத்தன் தம் நியூயார்க் நிலையங்களின் பணியைப் பொது அமைப்புகளிடம் ஒப்படைத்தார்.

காசநோய்த் தடுப்பும் லேக்வுட்டும்

நியூஜெர்சி மாநிலத்தின் லேக்வுட், நியூயார்க் செல்வர்கள் குளிர்காலத்தில் தங்கும் ஊர். 1890-களின் தொடக்கத்தில் அங்கிருந்த பெரிய விடுதி ஒன்று, யூதர் என்பதால் நேத்தனுக்கு இடம் தர மறுத்தது. அவர் அதனருகிலேயே அதைவிடப் பெரிய விடுதி ஒன்றைக் கட்டி, எல்லோருக்கும் திறந்துவிட்டார். 1909-இல் அதே ஊரில், காசநோயாளிகளின் வீடுகளில் வளரும் குழந்தைகளை நோய் தொற்றும்முன் பிரித்து வைத்துப் பேணும் தடுப்பு இல்லத்துக்குத் தம் சொத்திலிருந்த ஒரு மாளிகையை அளித்தார். குரோவர் கிளீவ்லாந்து ஒருகாலத்தில் தங்கிய வீடு அது. அமெரிக்காவில் இவ்வகையில் எழுந்த முதல் இல்லமும் அதுவே. நோய்க்கு அஞ்சிய உள்ளூர்ச் செல்வர்களின் எதிர்ப்பால் இல்லம் விரைவில் ஃபார்மிங்டேலுக்கு மாற்றப்பட்டு, அங்கே பல ஆண்டுகள் இயங்கியது.

பாலஸ்தீனப் பணிகள்

1912-இல் நேத்தனும் லினாவும் இசிடோர் தம்பதியருடன் பாலஸ்தீனம் சென்றனர். அது அப்போது உஸ்மானிய ஆட்சியில் இருந்தது. இசிடோரும் அவர் மனைவி ஐடாவும் முன்னதாகக் கிளம்பி, ஐரோப்பா வழியே ஊர் திரும்ப டைட்டானிக் கப்பலில் ஏறினர். 1912 ஏப்ரல் 15 அதிகாலை கப்பல் மூழ்கியபோது இருவரும் இறந்தனர். உயிர்ப்படகில் இடம் இருந்தும் ஐடா கணவரை விட்டுப் பிரிய மறுத்தார். இந்த இழப்பு நேத்தனை ஆழமாகப் பாதித்தது. அடுத்த ஆண்டே வணிகப் பங்கீடும் நடந்தது: மேசிஸ் இசிடோரின் மகன்களிடம் சென்றது, புரூக்ளின் அங்காடியின் பங்குகள் நேத்தன் பக்கம் வந்தன. அதன்பின் அவர் நேரமும் செல்வமும் பெரும்பாலும் பொதுப்பணிக்கே சென்றன.

எருசலேமில் ஏழைகளுக்கான உணவுக்கூடமும், மலேரியா, கண்நோயான டிரக்கோமா ஆகியவற்றைத் தடுக்கும் சுகாதார அலுவலகமும் அவர் செலவில் தொடங்கின. ஹென்ரியெட்டா சோல்ட் நிறுவிய ஹதாசா என்ற யூத மகளிர் அமைப்பு 1913-இல் இரு செவிலியரை அங்கே அனுப்பியபோது, அந்தப் பயணத்துக்கு நேத்தனும் துணைநின்றார். அந்த அமைப்பு பின்னர் அப்பகுதியின் பெரிய மருத்துவ வலையமைப்பாக வளர்ந்தது. 1929-இல் அவர் நன்கொடையில் கட்டப்பட்ட நேத்தன், லினா ஸ்ட்ராஸ் சுகாதார மையம் எருசலேமில் திறக்கப்பட்டது. இன, மத வேறுபாடின்றி எல்லோருக்கும் அது பணிசெய்ய வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அதே ஆண்டில் மத்தியதரைக் கடலோரம் உருவான நெதன்யா என்ற குடியிருப்புக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இப்பணிகள் பாலஸ்தீனத்தில் யூதத் தாயகம் நாடிய சியோனிய இயக்கத்தின் குடியேற்ற முயற்சியோடு பிணைந்தவை. அந்நிலத்தில் அராபியர் பெரும்பான்மையாக வாழ்ந்த காலம் அது; 1929-இலேயே இரு சமூகங்களுக்கிடையே கடும் கலவரம் வெடித்தது. எல்லோருக்கும் பொதுவான மருத்துவம் என்ற அவர் நோக்கமும், ஒரு சமூகத்தின் தேசியக் கனவுக்கு அவர் தந்த ஆதரவும் ஒன்றாகவே இருந்தன. அவருடைய பாலஸ்தீனப் பணிகளை மதிப்பிடும்போது இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மதிப்பீடு

முதல் உலகப்போர்க் காலத்தில் நேத்தன் தம் உல்லாசப் படகை விற்று, அந்தப் பணத்தைப் போர் அநாதைகளுக்கு அளித்தார். இறுதிக் காலத்தில் அவர் செல்வத்தின் பெரும்பகுதி கொடையாகச் சென்றுவிட்டிருந்தது. லினா 1930-இல் காலமானார். நேத்தன் 1931 ஜனவரி 11 அன்று நியூயார்க்கில் மறைந்தார்.

நியூயார்க்கில் குழந்தை இறப்பு குறைந்ததன் முழுப் பெருமையையும் பால் நிலையங்களுக்கு மட்டும் தர முடியாது. தூய குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள், தொண்டை அடைப்பானுக்கான எதிர்மருந்து, வீடு வீடாகச் சென்ற நகரச் செவிலியர், உயர்ந்த கூலி ஆகிய அனைத்துக்கும் அதில் பங்குண்டு. பாஸ்டர் முறையைக் கண்டுபிடித்தவரும் அதைக் குழந்தை மருத்துவத்தில் முதலில் பரிந்துரைத்தவரும் நேத்தன் அல்லர். ஆய்வகத்தில் நிரூபணமான உண்மைக்கும் ஏழை வீட்டுக் குழந்தைக்கும் இடையே இருந்த தொலைவைக் கடந்ததே அவருடைய பங்களிப்பு. அதற்குத் தேவைப்பட்டவை கடை, விலை, புட்டி, வண்டி, பதிவேடு ஆகியவை; அவற்றைக் கையாளும் அறிவு ஒரு வணிகரிடமே நிறைந்திருந்தது.

தனியார் ஈகையின் எல்லையையும் அவர் புரிந்துவைத்திருந்தார். ஒருவர் எத்தனை நிலையங்கள் திறந்தாலும் நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் பால் தர முடியாது. ஆகவே ஒவ்வொரு நிலையத்தையும் சட்டம் கேட்பதற்கான சான்றாக நடத்தினார். பதப்படுத்தல் கட்டாயமாகி, கடையில் விற்கும் சாதாரணப் பாலே பாதுகாப்பானதாக மாறியபோது, தனிப்பட்ட பால் நிலையங்களின் தேவை தானாகவே மறைந்தது. தாம் தொடங்கிய கொடை தேவையற்றுப் போகும் நாளை நோக்கியே உழைத்த செல்வர்கள் குறைவு. நேத்தன் ஸ்ட்ராஸ் அவர்களுள் ஒருவர்.